செய்தியை மாற்றிச் சொன்ன பிள்ளைக்கு

பிள்ளை,

இதை நான் தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் மூன்றாவது வசனத்திலேயே "அம்மா, விடுங்கோ" என்று சொல்லிவிடுவாய். நேரில் சொன்னால் நான் அழுவேன், நீ எனக்குத் தேத்தண்ணீர் வைக்க எழும்பிவிடுவாய், கதை அதோடு முடிந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை இழுத்துக்கொண்டு போன அலைச்சலுக்கெல்லாம் இன்றைக்குத்தான் பலன் கிடைக்கப்போகிறது. உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். எடுக்கட்டும். யோனாஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிக்காதே. முதலில் தனியாக வாசி, பிறகு அவனுக்கும் சொல்.

உனக்கும் யோனாஸுக்கும் கலியாணம் நடக்க இன்னும் ஐந்து கிழமைதான் இருக்கிறது. மண்டபம், ஐயர், சாப்பாடு எல்லாம் ஒழுங்காகிவிட்டன. கூறைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தாயிற்று. அப்பாவின் இடத்தில் நின்று உன்னைத் தாரை வார்த்துக் கொடுக்க லண்டனிலிருந்து பெரியப்பாவும் பெரியம்மாவும் வருகிறார்கள். அதைச் சொன்னபோது நீ மறுக்கவில்லை. "வரட்டும் அம்மா. ஆனால் நான் பெரியப்பாவின்ரை முகத்தைப் பாக்கமாட்டன்" என்று மட்டும் சொன்னாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குக் காரணம் தெரியும் என்பது உனக்கும் தெரியும். ஆனால் அந்தக் காரணத்தில் உனக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. பதினெட்டு வருடமாக அது என்னிடம் இருக்கிறது.

போன மாதம் உன் நாடகத்தைப் பார்க்க லைப்சிக்குக்கு வந்தேன் அல்லவா. ஹம் ஸ்டேசனில் ஏறி, இரண்டு தரம் ரயில் மாறி, மடியில் கட்லட் பெட்டியோடு வந்து சேர்ந்தேன். நானூறு, ஐந்நூறு வருடத்துக்கு முந்திய பகிடி நாடகங்களைப் படிக்கப்போகிறேன் என்று நீ சொன்ன நாளில், இதைப் படித்து என்ன வேலை எடுக்கப்போகிறாய் என்று கேட்டவள் நான். நல்ல ஒரு அவுஸ்பில்டுங் செய்து வேலை பழகியிருந்தால் இப்போது பத்து வருட சேவை வந்திருக்கும் என்று பெரியப்பா இன்றைக்கும் சொல்கிறார். ஆனால் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நான் சமைக்கும்போது நீ தொலைபேசியில் எனக்குச் சொல்லித் தந்த அந்த நாடகக் கதைகளைப் போல எனக்குப் பிடித்தது வேறொன்றும் இல்லை. தொலைபேசியை மாப்பேணிக்கு மேல் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் வெட்டுவேன். நீ அங்கே இருந்து வகுப்பு எடுப்பாய்.

"முகமூடியைப் பாத்தவுடனை ஆள் ஆரெண்டு சனத்துக்கு விளங்கிப்போம் அம்மா" என்பாய். "மகளைப் பூட்டி வைக்கிற கிழவன், வாய்வீரம் பேசுற படைவீரன், ஒருத்தருக்கும் விளங்காத லத்தீன் கதைக்கிற டொக்டர், எப்பவும் பசியோடை திரியிற வேலைக்காரன். ஊர் மாறினாலும் இந்த ஆக்கள் மாறமாட்டினம்." அப்போது நான், "வாய்வீரன் எங்கடை பெரியப்பா" என்றேன். அவர் லொறிக்குள் ஒளிந்திருந்து எல்லை கடந்த கதையை முதன்முதலில் சொன்னபோது லொறிக்குள் ஒரு இரவுதான் இருந்தார். உன் சாமத்தியச் சடங்கில் அது மூன்று நாளாகியது. போன வருடம் ஒரு கிழமை, அதுவும் தண்ணீர் இல்லாமல். நீ விக்கல் எடுக்கும்வரை சிரித்தாய். பிறகு சட்டென்று பேச்சை மாற்றினாய். நானும் அடுத்த வெங்காயத்தை எடுத்தேன்.

இரண்டு பலகையைச் சேர்த்துச் செய்த ஒரு தடி இருந்ததாம், அடித்தால் மண்டபம் முழுக்கச் சத்தம் கேட்குமாம், அடிபட்டவருக்கு வலிக்காதாம். பெண் ஆண் வேஷம் போட்டால் சொந்தக் காதலனுக்கே அடையாளம் தெரியாதாம். மேடையில் பத்துப் பேர் நிற்க, ஒருவர் மட்டும் சனத்தின் பக்கம் திரும்பி மனதில் உள்ளதைச் சொல்லுவாராம், பக்கத்தில் நிற்கிறவருக்குக் காது கேட்காதாம். "இதென்ன விசர்க்கதை, பக்கத்திலை நிக்கிற ஆளுக்குக் கேளாதோ?" என்று கேட்டேன். "கேளாத மாதிரி நிக்கிறதுதான் அம்மா நடிப்பு" என்றாய். நான் கத்தியைக் கீழே வைத்தேன். உனக்கு அது தெரியாது.

இனி அந்த நாடகத்துக்கு வருகிறேன். நீ எழுதிச் சேர்த்த காட்சியில் நோயாளிக் கிழவர் படுத்திருக்கிறார். டொக்டர் லத்தீனில் மட்டும் பேசுகிறார். நடுவில் வேலைக்காரப் பெண் நின்று ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்கிறாள். திராட்சை பழுக்க முதல் இந்த மனிதர் போய்விடுவார் என்று டொக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறார். அவள் கிழவர் பக்கம் திரும்பி, திராட்சை பழுத்ததும் நீங்கள் ஆடலாமாம் என்கிறாள். டொக்டர் எவ்வளவுக்கு அழுகிறாரோ அவ்வளவுக்கு அவள் நல்ல செய்தியாகச் சொல்கிறாள். கிழவர் எழும்பி ஆடவே தொடங்கிவிட்டார். மண்டபம் குலுங்கியது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெண் சிரித்த சிரிப்பில் என் கதிரையும் சேர்ந்து ஆடியது. பிறகு அந்த வேலைக்காரப் பெண் எங்கள் பக்கம் திரும்பி, வாயில் விரலை வைத்து, நீங்கள் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை என்றாள். அதற்கும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அது எங்கள் காட்சி என்று எனக்கு விளங்கிவிட்டது. முடிவில் எல்லாப் பாத்திரமும் முகமூடியைக் கழற்றி, ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டு, கட்டிப்பிடித்து, மூன்று சோடிக்குக் கலியாணமும் நடந்தது. அந்த வேலைக்காரப் பெண் மட்டும் முகமூடியோடு ஒரு ஓரத்தில் நிற்க விளக்கு அணைந்தது. வெளியில் வந்து உன்னிடம், "ஏன் பிள்ளை அந்தக் காட்சி?" என்று கேட்டேன். "அது பகிடி அம்மா. சனம் சிரிச்சதுதானே" என்றாய்.

என்னை ரயிலேற்றி விடுவதற்கு யோனாஸ் ஸ்டேசனுக்கு வந்தான். பெட்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு இறங்காமல் நின்றான். தன் டொச் பாஷையில் மெதுவாக, எனக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். உன் அப்பாவுக்குக் கிடைக்க வேண்டிய பிரியாவிடையை நீயே களவெடுத்துவிட்டதாக நினைக்கிறாயாம். அப்பா செத்த திகதியில் ஒவ்வொரு வருடமும் நீ சாப்பிடுவதில்லையாம். கலியாணம் நெருங்க நெருங்க அது கூடிக்கொண்டு போகிறதாம், தாரை வார்க்கும் நேரத்தில் அப்பாவின் இடத்தைப் பார்க்கத் உன்னால் ஏலாது என்று சொன்னாயாம். எனக்கு இது தெரியுமா என்று கேட்டான். ரயில் வெளிக்கிடப்போகிறது, இறங்கு மகன் என்றேன். ஹம் வரும்வரை ஏறிய ரயில்களிலெல்லாம் யன்னலோரத்தில் இருந்தேன், எந்த ஊர் போனது என்று தெரியாது.

பிள்ளை, அந்தக் காட்சியில் ஒரு பிழை இருக்கிறது. நீ படித்த ஆள், எனக்கு நாடகம் தெரியாது, ஆனால் அந்த அறையில் நானும் இருந்தேன். அப்பாவுக்குத் தெரியும். டொக்டர் என்ன சொன்னார் என்று அப்பாவுக்கும் விளங்கியது, எனக்கும் விளங்கியது. அன்றைக்கு அந்த மேடையில் ஒன்றும் தெரியாமல் நின்றது நீ ஒருத்திதான்.

உன்னைக் கந்தோருக்குக் கந்தோர் கூட்டிக்கொண்டு திரிந்தது எங்கள் பிழை. எட்டு வயதில் தொடங்கினோம். டெர்மின், இந்த நாளில் இத்தனை மணிக்கு வா என்று கடிதம் வந்தால் அப்பா முதலில் பார்ப்பது உனக்குப் பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும் என்பதைத்தான். தொழிற்சாலையில் கூட வேலை செய்கிறவர்களோடு அவர் டொச்சில் பகிடி விடுவார், ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி இருந்தால் நாக்கு எழும்பாது. ஒருநாள் விசாக் கந்தோரில் இரண்டு மணித்தியாலம் காத்திருந்து, இன்னொரு தாளைக் கொண்டுவா என்று அந்த மனிதர் சொன்னதும், அப்பா தமிழில், "இந்த மொட்டையனுக்கு நான் நாளைக்கும் லீவு போட்டு வரவேணுமாமோ, கேள் பிள்ளை" என்றார். நீ அந்த மனிதரைப் பார்த்து, நாளைக்கு வருவது அப்பாவுக்குக் கொஞ்சம் கஷ்டம், ஆனால் உங்கள் உதவிக்கு மிகவும் நன்றி சொல்கிறார் என்றாய். அவர் சிரித்துக்கொண்டே முத்திரையைக் குத்தித் தந்துவிட்டார். பஸ்ஸில் வரும்போது நாங்கள் சிரித்த சிரிப்பு. வருகிறவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லி உன் தலையைத் தடவினோம். செய்தியை மாற்றிச் சொல்லப் பழக்கி, அதற்குக் கைதட்டியதும் நாங்கள்தான்.

எனக்கு ஒரு வேஷம் இருந்தது. எனக்கு டொச் தெரியாது என்பதுதான் அந்த வேஷம். மேல்வீட்டு மனுசி எண்ணெய் மணக்கிறது என்று சண்டைக்கு வந்தால் விளங்கவில்லை என்று தலையை ஆட்டுவேன், அவள் களைத்துப்போய்ப் படியேறிவிடுவாள். நல்ல வசதியான வேஷம். ஆனால் முதியோர் இல்லத்தில் ஏழு வருடம் அறை துடைத்தவளுக்குக் காது இல்லாமல் போகுமா? பேசத்தான் வெட்கம், கேட்டால் எல்லாம் விளங்கும். அங்கே டொக்டர்கள் நல்ல செய்தியை நின்றபடி சொல்லிவிட்டுப் போவார்கள். கெட்ட செய்தி என்றால் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு இருப்பார்கள்.

அன்றைக்கு அந்த டொக்டர் கதிரையை இழுத்துப் போட்டார். உனக்குப் பதின்மூன்று வயது, பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்துக்கொண்டு எங்களுக்கு நடுவில் இருந்தாய். மொழிபெயர்க்கப் பெரிய ஆள் ஒருவரும் இல்லையா என்று டொக்டர் கேட்டார். அப்பா உன் தோளைத் தட்டி, இவள் கெட்டிக்காரி என்றார். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நான் எத்தனை தரம் நினைத்திருப்பேன் என்று உனக்குச் சொல்ல முடியாது. அவர் சொன்னார். புற்று ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, வருடக் கணக்குச் சொல்ல முடியாது, மாதக் கணக்குத்தான். நீ பையின் வாரைப் பிடித்துக்கொண்டு கேட்டாய். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாய். "அப்பா, புது மருந்து ஒண்டு இருக்காம். களைப்பு வருமாம். கோடை வர எல்லாம் சரியாகிவிடுமாம்" என்றாய். உன் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

டொக்டர் போன பிறகு, தண்ணீர் எடுத்துக்கொண்டு வாறன் என்று நீ வெளியே போனாய். அப்பா கதவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கேட்டனீரே?"

"ஓம்."

"பிள்ளை மாத்திச் சொல்லிப்போட்டாள்."

"ஓம்."

"விடும். எங்களுக்கு விளங்கினது அவளுக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சால் உடைஞ்சுபோவாள்."

நான் அழக்கூட நேரம் இருக்கவில்லை, நீ மூன்று கோப்பையோடு வந்துவிட்டாய். அதற்குப் பிறகு ஐந்து மாதம். நீ எங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து நடித்தாய். நாங்கள் உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்து நடித்தோம். நீ சொல்வாயே, சனத்துக்கு எல்லாம் தெரியும், மேடையில் நிற்கிறவர்களுக்குத்தான் ஒன்றும் தெரியாது, அதிலிருந்துதான் சிரிப்பு வருகிறது என்று. எங்கள் வீட்டில் டொக்டர் சொன்னது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்படிச் சொல்வதும் முழு உண்மை இல்லை. அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. புதன்கிழமைகளில் பரிசோதனை. காலையில் சவரம் செய்துகொண்டே, "இண்டைக்கு என்ன சொல்லப்போறாள் எண்டு பாப்பம்" என்பார். நீயும் விடவில்லை. இருபது வயதுப் பெடியனின் இரத்தம் மாதிரி இருக்காம் என்றாய். டொக்டருக்கே பொறாமையாம் என்றாய். அப்பா வேண்டுமென்றே துருவித் துருவிக் கேட்பார், "எந்த மாதம் வேலைக்குப் போகலாமாம்? கேட்டனீயோ?" நீ ஒரு கணம் திணறி, "பனி முடிஞ்சாப்பிறகு" என்பாய். "பிள்ளையைப் போட்டு வதைக்கிறியள்" என்று ஒருநாள் நான் அவரோடு சண்டை பிடித்தேன். "நான் கேளாமல் விட்டால்தான் சந்தேகப்படுவாள். அதோடை, அவள் யோசிச்சு யோசிச்சுச் சொல்லுற வடிவைப் பாத்தனீரே?" என்றார். நோவில் முகம் சுருங்கியிருக்கிற மனிதர் அந்த நேரத்தில் மட்டும் முகம் விரிந்து உன்னையே பார்த்துக்கொண்டிருப்பார். உன்னுடைய முதல் நாடகத்தை லைப்சிக்கில் போட்டதாக எல்லாருக்கும் சொல்கிறாய். இல்லை பிள்ளை.

ஒன்று மட்டும் அப்பாவுக்கும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கழிவறைக்குள் கை கழுவப் போனபோது, உள்கதவுக்கு அந்தப் பக்கம் உன் குரல் கேட்டது. கண்ணாடியின் முன்னால் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாய். "அப்பா, டொக்டர் சொன்னவர், நல்ல முன்னேற்றமாம்." திரும்பவும், இன்னும் கொஞ்சம் சந்தோஷமான குரலில். மூன்றாம் தரம் பாதியில் நின்றுபோனது. நான் உள்ளே வந்திருக்க வேண்டும். உன்னைக் கட்டிப்பிடித்து, போதும் பிள்ளை, எங்களுக்குத் தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சத்தம் போடாமல் வெளியே போய், நீ வரும்வரை நடைக்கூடத்தில் ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி நான் செய்த பெரிய பிழை. இதுவரை எழுதியதை யாரும் மன்னிக்கலாம். அப்பா போன எட்டாம் நாள், எட்டுச்செலவுக்கு வந்த சனம் வீடு முழுக்க இருந்தது. செத்தவீட்டுக்குத்தான் பெரியப்பா வந்து சேர்ந்தார், தம்பியை உயிரோடு காணவில்லை. அந்த மனிதருக்கும் தாங்க முடியாத துக்கம். டொக்டர் மாதக் கணக்குச் சொல்லியிருந்தது ஆஸ்பத்திரிக் கடிதத்தில் இருந்ததை யாரோ அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தார்கள். நீ தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தபோது எல்லாருக்கும் முன்னால் கேட்டார். "பிள்ளை, நீதானே கூட இருந்து டொக்டர் சொன்னதைக் கேட்டனீ? ஒழுங்காச் சொல்லியிருந்தால் நான் வந்து என்ரை தம்பியின்ரை முகத்தைப் பாத்திருப்பன். அவனும் சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டுப் போயிருப்பான். ஏன் மாத்திச் சொன்னனீ?" சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். உன் நாடகத்தில் வருகிற பலகைத் தடி மாதிரி இல்லை அது, சத்தமே இல்லாமல் விழுந்த அடி. நீ என்னைப் பார்த்தாய்.

நான் நிலத்தைப் பார்த்தேன்.

எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரிந்திருந்தது என்று சொல்ல ஒரு நிமிடம் எடுத்திருக்காது. சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி எனக்கு வந்திருக்கும். தெரிந்துகொண்டு ஏன் எங்களுக்கு மறைத்தாய் என்று கேட்டிருப்பார்கள். எனக்கு முப்பத்தெட்டு வயது, புருசன் போய் எட்டு நாள், ஊரை விட்டு வந்த எனக்குச் சொந்தம் என்று நின்றது லண்டனில் இருந்த அந்த ஒரு குடும்பம். எனக்குப் பயம். பயத்தைவிட ஒன்றும் இருந்தது. பழி உன்மேல் நின்றது எனக்கு வசதியாக இருந்தது. சின்னப் பிள்ளை, எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த இரண்டு வசனத்தையும் எழுத மூன்று நாள் எடுத்தது.

அதற்குப் பிறகு நீ எனக்காக எங்கேயும் மொழிபெயர்க்க வரவில்லை. கேட்டால் அறைக்கதவைச் சாத்துவாய். திமிர் என்று ஏசியிருக்கிறேன். தனியாகக் கந்தோருக்குப் போகவேண்டி வந்தது, அங்கே டொச் பேசினால் நீ யோசிப்பாயே, அப்படியென்றால் அன்றைக்கு அம்மாவுக்கு விளங்கியிருக்குமோ என்று. அதனால் மாலை வகுப்பில் சேர்ந்தேன். தெரிந்த மொழியை, என் பெயர் இது, நான் ஹம்மில் வசிக்கிறேன் என்று முதல் பாடத்திலிருந்து, தெரியாதவள் மாதிரிப் படித்தேன். நீ வீட்டுப்பாடம் திருத்தித் தந்தாய். சில இடங்களில் வேண்டுமென்றே பிழை விட்டேன். உன் நாடகங்களில் இப்படி ஒரு வேஷம் இருந்தால் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

உனக்குப் பதினெட்டு வந்ததும் சொல்வதென்று இருந்தேன். அது அப்பா சொல்லிவிட்டுப் போனது, என்னவென்று இப்போது சொல்கிறேன். நீ லைப்சிக்குக்குப் போக உடுப்பு அடுக்கிக்கொண்டிருந்தபோது அலுமாரியைத் திறந்து அப்பா விட்டுப்போன ஒரு அட்டையைக் கையில் எடுத்தும்விட்டேன். நீ திரும்பிப் பார்க்காமலே, "அம்மா, நான் உங்களை விட்டிட்டு ஓடிப்போறனெண்டு நினைக்காதேங்கோ" என்றாய். இதைச் சொன்னால் ஓடித்தான் போவாய் என்று நினைத்தேன். அட்டையைத் திரும்ப உள்ளே வைத்தேன். பிறகு ஒவ்வொரு வருடமும் அது இன்னும் அடியில் போனது, உன் பழைய ரிப்போர்ட்டுகளுக்குக் கீழே, என் கூறைக்குக் கீழே.

போன ஞாயிற்றுக்கிழமை லண்டனுக்குத் தொலைபேசி எடுத்துப் பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "அவனே எனக்குச் சொல்ல வேண்டாமெண்டவனோ?" என்று கேட்டார். ஓம் அண்ணை என்றேன். பிறகு, "நான் இனி அந்தப் பிள்ளையின்ரை முகத்தை என்னெண்டு பாக்கிறது?" என்றார். உடனே உனக்கு எடுக்க வெளிக்கிட்டார். கடிதம் போய்ச் சேரும்வரை பொறுங்கோ என்று மறித்து வைத்திருக்கிறேன். லொறிக் கதை பேசுகிற மனிதர்தான். தொலைபேசியில் அவர் அழுத அழுகையை நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

கலியாணத்துக்கு முதல் நாள் எல்லாரும் வீட்டில் கூடுவார்கள், எட்டுச்செலவன்று இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வருவார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் நீ தலை குனிந்தாய், அத்தனை பேருக்கும் முன்னால் நான் சொல்ல விரும்புகிறேன். தமிழிலும் சொல்வேன், யோனாஸின் அம்மா அப்பாவுக்காக டொச்சிலும் நானே சொல்வேன். நீ நடுவில் நின்று ஒன்றும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. வேண்டாம் என்றால் சொல், செய்யமாட்டேன். மணவறையில் பக்கத்தில் நில்லுங்கோ என்று நீ அடம்பிடித்தாய், புருசன் இல்லாதவள் அங்கே நிற்பதில்லை என்று ஊரில் வைத்திருப்பதெல்லாம் உனக்குத் தேவையில்லை என்றாய். இதை வாசித்த பிறகு அந்த எண்ணம் மாறினால் நான் பின்வரிசையில் இருப்பேன். அதற்கும் வழக்கம் துணை இருக்கிறது, சனம் ஒன்றும் நினைக்காது. என்னோடு கோபிக்க உனக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. ஆனால் அப்பாவின் இடத்தைப் பார்க்கப் பயப்படாதே.

அந்த அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அடுத்த நாள் சாப்பாட்டுக்குப் புள்ளடி போடத் தருகிற அட்டை. சூப்புக்கு நேரே நடுங்கிய புள்ளடி ஒன்று இருக்கும், அது அப்பாவின் கை. அடுத்த கிழமை வீட்டுக்குப் போகலாமாம் என்று நீ கடைசியாகச் சொல்ல, ஓம் பிள்ளை, போவம் என்று அவர் சொன்னாரே, அன்று காலையில், நீ பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், எழுத ஏலாது என்று பென்சிலை என்னிடம் தந்து சொல்லச் சொல்ல எழுதுவித்தார். பின்பக்கத்தில் இருப்பது என் எழுத்து, அவருடைய பேச்சு. அம்மா இப்போது உட்கார்ந்து எழுதியிருப்பாளோ என்று நீ நினைக்கலாம், நினைப்பதற்கு நான்தான் இடம் வைத்திருக்கிறேன். புள்ளடியைப் பார், பென்சில் மங்கிப்போயிருப்பதைப் பார். இந்த முறை செய்தி கொண்டுவருகிறவள் நான். நன்றாகப் பிந்திவிட்டேன், ஆனால் ஒரு சொல்லும் மாற்றவில்லை.

அட்டையில் இருப்பது இவ்வளவுதான்:

அண்ணைக்கு இப்ப சொல்ல வேண்டாம். அழுதுகொண்டு வந்து நிப்பார், பிள்ளைக்கு விளங்கிப்போம்.

அவளுக்குப் பதினெட்டு வந்தாப்பிறகு நீர் சொல்லும்.

அவள் சொன்னதை நான் நம்பினனான் எண்டு சொல்லாதையும். ரசிச்சனான் எண்டு சொல்லும்.